விழுந்த இடத்து மண்

சென்ற மாதம் ரயில்வேயிலிருந்து கூப்பிட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் போன் செய்கிறவர்கள் கடன் அட்டை விற்கிறவர்களும் என் பெரிய நாத்தனாரும்தான். அதனால் நாள், கிழமைகூடக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். ரயிலிலிருந்து விழுந்து காயம்பட்டதாகப் பொய் சொல்லி இழப்பீடு கேட்கிறவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் வகுப்பு.

எனக்கு முன்னால் பேசிய தம்பி திரையில் படம் போட்டு, பிளாட்பாரக் கேமரா, செல்போன் டவர், மொபைலில் எடுக்கும் டிக்கெட் என்று வரிசையாகச் சொன்னான். இனிமேல் வீடு வீடாக அலைய வேண்டிய அவசியமே இல்லையாம். நாற்காலியிலேயே உட்கார்ந்து பொய்யைப் பிடித்துவிடலாமாம். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு என் முறை வந்தது. மைக்கைப் பிடித்து, "உங்க வீட்டுல யாராவது கீழ விழுந்துட்டா, எந்த எடத்து மண்ண எடுத்துச் சுத்திப் போடுவாங்க?" என்று கேட்டேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அதிகாரிக்குப் புரையேறிவிட்டது. பாதியிலேயே நேரமாகிவிட்டது என்று சால்வை போட்டு என்னை உட்கார வைத்துவிட்டார்கள். சால்வை நன்றாகத்தான் இருக்கிறது. சொல்ல வந்ததுதான் தொண்டையிலேயே நிற்கிறது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டரில் என் வேலை தொடங்கியது. சில்லறை இல்லை என்று சொல்வதிலேயே சில வருஷங்கள் போயின. பிறகு பரீட்சை எழுதி, இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் ஆனேன். முதலில் எனக்குக் கிடைத்தவை பார்சல் வழக்குகள். அழுகிப்போன மீன் கூடையை மோந்து பார்த்து, அது ஏற்றும்போதே அழுகியதா, ரயிலில் அழுகியதா என்று எழுத வேண்டும். அந்தக் காலத்தில் நான் வீட்டுக்குள் நுழைந்தால் என் வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவார். மூக்கு ஒருவழியாகத் தேறிய பிறகு, மனிதர்கள் காயம்பட்ட வழக்குகளுக்கு மாற்றினார்கள். அங்கேதான் எனக்குத் தேவசகாயம் சார் மேலதிகாரியாக வாய்த்தார்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் சட்டத்துக்கு ரொம்ப இளகின மனசு. டிக்கெட் வாங்கிய பயணி ரயிலிலிருந்து தவறி விழுந்துவிட்டால், தப்பு யார் மேல் என்று பார்க்காமல் ரயில்வே இழப்பீடு கொடுத்தாக வேண்டும். வேண்டுமென்றே விழுந்தாலோ, குடித்துவிட்டு விழுந்தாலோ கிடையாது. அவ்வளவுதான். ஆகவே ஒரு டிக்கெட்டும் ஒரு காயமும் இருந்தால் போதும் என்று நிறையப் பேர் நினைத்துவிடுகிறார்கள். மாடு முட்டியவர், மாடிப்படியில் சறுக்கியவர், மச்சினனோடு சண்டை போட்டுக் கையை முறித்துக்கொண்டவர் எல்லோரும் எங்கள் ரயிலில் வந்து ஏறுவார்கள், விழுவதற்காகவே. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. பொய் என்று தெரிந்தே இழப்பீடு கேட்டால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவை மட்டும் யாரும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவதில்லை.

தேவசகாயம் சார் கடலூர் முதுநகர்க்காரர். வீட்டில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். வெயில் இல்லாவிட்டாலும் கையில் குடை இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, "தண்ணி ருசியா இருக்குங்க" என்று சொல்லி இன்னொரு சொம்பு கேட்பார். 'பொய்' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. யார் எதைச் சொன்னாலும் "அப்படிங்களா, ரொம்பக் கஷ்டம்" என்பார். வண்டி மணிக்கு எவ்வளவு வேகத்தில் போனது, எந்தப் பக்கக் கதவு, எந்தக் கால் முதலில் தரையில் பட்டது என்று நான் குடைவதைப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. அதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும் என்பார். மனப்பாடம் செய்து ஒப்பிப்பவனிடம் பாடப் புத்தகத்திலிருந்தே கேள்வி கேட்டால் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவானாம்.

அவர் கேள்வி வேறு. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டே வீட்டுப் பெண்களைப் பார்த்துக் கேட்பார், சுத்திப் போட்டீங்களா என்று. போடாத வீடு நம் பக்கத்தில் உண்டா? போட்டோம் என்பார்கள். மண் எங்கே எடுத்தீர்கள் என்பார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் விழுந்து எழுந்தால், விழுந்த இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்து, அவர் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். பயம் தெளியும், காயம் ஆறும் என்று நம்பிக்கை. மிளகாய் கருகும்போது நெடி வந்தால் பட்ட கண் ஒன்றும் பெரிதில்லை. நெடியே வராவிட்டால் பட்ட கண் ரொம்பப் பெரிது. கண் வைத்தவர் யாரென்று தெரிந்தால் அவர் காலடி மண்ணை எடுத்தும் சுற்றுவார்கள். ஆனால் விழுந்தவருக்குச் சுற்றும் மண், விழுந்த இடத்து மண்ணாகவே இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு மண் எடுத்தால் பலிக்காது. சார் இதைத்தான் பிடித்துக்கொண்டார். "ரயில்வேக்கு மாத்திச் சொல்லுவாங்க கோகிலா, வக்கீலுக்கு மாத்திச் சொல்லுவாங்க. சுத்திப் போடற மண்ண மட்டும் மாத்த மாட்டாங்க. மாத்துனா கால் ஆறாதே" என்பார்.

ஆனால் மண்ணை அவர் அறிக்கையில் எழுதியதில்லை. எழுதினால் மேலே இருப்பவர்கள் எங்கள் இருவருக்கும் சுற்றிப் போட்டிருப்பார்கள். எந்தத் திசையில் நடந்து விசாரிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் மண். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு டீக்கடையோ, ஒரு சைக்கிள் கடையோ, நேரில் பார்த்த ஒரு ஆளோ நிச்சயம் இருப்பார்கள்.

தேவனாம்பட்டினத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், நல்ல மனிதர். ரயில் கதவு சாத்தி விரல்கள் நசுங்கிவிட்டன, அதே அதிர்ச்சியில் கீழே விழுந்தேன் என்று மனுப் போட்டிருந்தார். எந்தப் பெட்டி, பக்கத்தில் யார், கதவு என்ன நிறம் எல்லாம் சொன்னார். சார் ரொம்பக் கஷ்டம் என்றார். கிளம்பும்போது அவர் மனைவியிடம் மண்ணைப் பற்றிக் கேட்டார். அந்தம்மா தயங்காமல், "போட்டுக்கு அடியில இருந்த ஈர மண்ணுதான் சார்" என்றார். புருஷன் இருமத் தொடங்கியவர் நாங்கள் தெரு திரும்பும் வரை நிறுத்தவில்லை. எங்கள் ரயில் எங்கெங்கோ போகிறது, ஆனால் கடற்கரை மணலில் படகுக்கு அடியில் போவதில்லை. படகைக் கரைக்கு இழுக்கும்போது கை மாட்டிக்கொண்டதைப் பார்த்தவர்கள் வலை பின்னிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மனு தள்ளுபடியாகி, வழக்காகி, அபராதம் கட்டினார். பிறகு என்னை மார்க்கெட்டில் பார்த்தால், என் மேல் அவருக்குக் கோபமே இல்லை, எல்லாம் பெண்டாட்டி மேல்தான் என்பார்.

மண் எப்போதும் ஆளை மாட்டிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். சிதம்பரத்தில் பூ விற்கிற ஒரு பெண். அவளிடம் டிக்கெட் இல்லை, பையோடு போய்விட்டது. தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுடைய நாத்தனாரோ, மண் எடுக்கப் போனால் வெறும் ஜல்லியாக இருந்தது, ஸ்டேஷனுக்கு வெளியே வெகு தூரத்தில் பாலத்துக்குப் பக்கத்தில், ரத்தம் பட்ட இடமாகப் பார்த்து நகத்தால் கிள்ளி எடுத்தேன் என்று விரலைக் காட்டினாள். அந்த இடத்தில் தண்டவாளத்தைக் கடப்பதற்கு மனிதருக்கு வேலையே இல்லை. சார் அதே பெட்டியில் வந்த ஒரு பயணியைத் தேடித் தேடிக் கண்டுபிடித்து, அவளுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று எழுதினார். அதற்காக மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

இப்போது ஏழுமலையின் கதைக்கு வருகிறேன். அகலப்பாதை போட்டு எங்கள் பக்கம் ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு நடந்தது. ஏழுமலை மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தான், வேன் ஓட்டுகிறவன். அப்பா இல்லை. அம்மா அஞ்சலை மட்டும்தான். சிதம்பரத்திலிருந்து பண்ருட்டிக்குப் போகும்போது மேல்பட்டாம்பாக்கம் தாண்டி ரயிலிலிருந்து விழுந்து கால் முறிந்தது என்று சென்னையில் இருக்கும் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருந்தான். டிக்கெட்டும் இருந்தது. அந்த டிக்கெட்டைப் பார்த்ததுமே சார் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சிதம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு ஏஜென்ட் உட்கார்ந்திருந்தார். யார் வந்தாலும் 'வா மச்சான்' என்பதால் ஊருக்கே அவர் மச்சான். எந்த ஊரில் யாருக்கு எலும்பு முறிந்தாலும், மாவுக்கட்டு காய்வதற்குள் மச்சான் ஆரஞ்சுப் பழத்தோடு போய் நிற்பார். பயணிகள் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிற டிக்கெட்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, காயத்துக்குத் தக்கபடி எடுத்துக் கொடுப்பார் என்று எங்களுக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. மாட்டிக்கொள்கிற மனுதாரர்கள் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை.

நாங்கள் போனபோது ஏழுமலை கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தான். உள்ளே தகடு வைத்திருந்தார்கள், எலும்பு இன்னும் கூடவில்லை. அஞ்சலையம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார். சார் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, இந்த மாதிரி மோர் குடித்து எத்தனை வருஷம் ஆகிறது என்றார். முந்தின நாள் வேறு வீட்டிலும் இதையேதான் சொன்னார். அஞ்சலையம்மா முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகப்படத் தோன்றாது. மகன் ரயிலிலிருந்து விழுந்ததைக் கண்ணீரோடு சொன்னார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட நடிப்பில்லை. எனக்கே குழப்பமாகிவிட்டது.

பெண்களிடம் மண்ணைக் கேட்கும் வேலையை அதற்குள் சார் என்னிடம் விட்டிருந்தார். புடவையை உதறிக்கொண்டு எழுந்து, சுற்றிப் போட்டீர்களா, மண் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த அஞ்சலையம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நெல்லிக்குப்பம் ரோட்டு வளைவுல எடுத்தேன் கண்ணு. கரும்பு டிராக்டர் போவும் பாரு, அங்க. இவனத் தூக்கினு வந்த பசங்க அங்கதான் வுழுந்தான்னு சொன்னானுங்க. அப்பறமாத்தான் இவன் சொன்னான், இல்லம்மா, ரயில்லேர்ந்து வுழுந்தேன், நீ திட்டுவன்னு மாத்திச் சொல்லச் சொன்னேன்னு." சொல்லிக்கொண்டே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் எடுத்தது தப்பு மண்ணா கண்ணு? அதனாலதான் எலும்பு கூடலியா?"

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவன் கூரையில் ஓடு எண்ணிக்கொண்டிருந்தான். நடந்தது எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் அம்மாவிடமே பொய் சொல்லிவிட்டான்.

ரோட்டு வளைவில் ஒரு டீக்கடை இருந்தது. கரும்பு லோடு மேல் உட்கார்ந்து வந்த ஏழுமலை, டிராக்டர் திரும்பும்போது சரிந்து விழுந்ததைக் கடைக்காரர் வடை சுட்டுக்கொண்டே எங்களுக்கு நடித்துக் காட்டினார். டிராக்டர் ஓட்டிய ஆளும் ஒப்புக்கொண்டார். எங்கள் வேலை முடிந்தது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நானும் சாரும் ஆளுக்கு இரண்டு வடை சாப்பிடுவோம். அன்றைக்கு அவர் வடையைத் தொடவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, மச்சான் சாட்சிகள் வரிசையில் அந்தம்மாவைத்தான் முதலில் போட்டிருக்கிறார் என்றார். அந்த முகத்தைக் கொண்டுபோய்க் கூண்டில் நிறுத்தினால் யார் நம்ப மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

"நெஜம்னு நம்பிகினு அந்தம்மா சத்தியம் பண்ணும். நம்ம வக்கீல் எதுனா ஒண்ணு கேட்டா, ரோட்டு வளைவ அதுவே சொல்லிடும். அப்பறம் புள்ளய உள்ள தள்ளறது நானும் இல்ல, நீயும் இல்ல. பெத்தவ வாயி" என்றார்.

அந்தம்மா மோர் கொடுத்த கை இன்னும் என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது. அறிக்கையைக் கொஞ்சம் மென்மையாக எழுதலாமா என்று கேட்டேன். அறிக்கை அறிக்கைதான், நடந்ததைத்தான் எழுத முடியும் என்றார். ஒரே ஒரு வழி இருக்கிறது. அம்மா கூண்டில் ஏறுவதற்கு முன்னால் அவனாகவே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னாலும் தண்டனையிலிருந்து தப்ப முடியாது, ஆனால் அதன் கனம் குறையும் என்றார். மறுபடி போய் ஏழுமலையிடம், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல, மூன்று வருஷ ஜெயில் கதையைச் சொல்லியும் பார்த்தார். அவன், ரயில்வே யார் மேலயும் கேஸ் போடாது, எல்லாத்தையும் பார்த்துக்கொள்வதாக மச்சான் சொல்லியிருக்கிறார் என்று தெளிவாக இருந்தான். சார் அப்படிங்களா என்றார். ரொம்பக் கஷ்டம் என்று சொல்லவில்லை.

மனு போட்டவர் விழுந்த இடத்தை நேரில் காட்ட வேண்டும் என்பது எங்கள் விசாரணையில் ஒரு நடைமுறை. ஒரு நாள் காலையில் ஏழுமலையை ஆட்டோவில் வரவழைத்தோம். கூடவே அஞ்சலையம்மாவும் வந்து இறங்கினார். இடுப்பில் ஒரு சின்ன மஞ்சள் துணி செருகியிருந்தது. தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் மெதுவாக நடந்தோம். முன்னால் ஊன்றுகோலோடு ஏழுமலை, பின்னால் குடையோடு சார், அதற்குப் பின்னால் நாங்கள் இரண்டு பெண்கள். ஏழுமலை ஒரு கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். மச்சான் சொல்லிக்கொடுத்த கல்லாக இருக்கும். ஊன்றுகோலைத் தூக்கி, இங்கதான் சார் என்று காட்டினான்.

சார் என்ன கேட்கலாம் என்று தொண்டையைச் செருமினார். அதற்குள் அஞ்சலையம்மா என்னிடம், இதுதானா எடம் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இடுப்புத் துணியை உருவிக்கொண்டு ஜல்லி மேட்டில் ஏறிவிட்டார். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. தண்டவாளத்துக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஜல்லியை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மண்ணைத் தேட ஆரம்பித்தார். பண்ருட்டிப் பக்கமிருந்து ரயிலின் ஊதல் கேட்டது. தூரத்தில்தான். ஆனால் வருகிறது.

நான் இறங்கி வரச் சொல்லிக் கத்தினேன். சார் குடையைப் போட்டுவிட்டு ஜல்லியில் ஏறப்போய்ச் சறுக்கினார். அஞ்சலையம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரும்மா, ஒரு புடி மண்ணு, ஜல்லிக்கு அடியிலதான் இருக்கும் என்று தோண்டிக்கொண்டே இருந்தார். ஏழுமலை ஊன்றுகோலை எறிந்துவிட்டான். தகடு வைத்த காலைத் தரையில் ஊன்றியதை நான் பார்த்தேன், அவன் முகம் கோணியதையும் பார்த்தேன்.

"எம்மா, அங்க எடுக்காத. எறங்கி வா."

"வுழுந்த எடத்துல எடுத்தாதாண்டா கால் கூடும்."

"நான் அங்க வுழலம்மா. ரயில்லேர்ந்தே வுழல. கரும்பு டிராக்டர்லேர்ந்துதான் வுழுந்தேன். நீ மொத எடுத்தியே, அதான் சரியான மண்ணு. எறங்கி வாம்மா."

அஞ்சலையம்மா கையிலிருந்த ஜல்லியைக் கீழே வைத்தார். எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, ஒன்றும் அவசரமில்லாதவர் போல மேட்டிலிருந்து இறங்கினார். நான் ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ரயில் எங்களைக் கடந்து போனது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, எங்கள் நான்கு பேரையும் ஒரு சொல் விடாமல் திட்டிக்கொண்டே போனார். இரைச்சலில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அதுவரை நல்லது.

முதலில் பேசியது அஞ்சலையம்மாதான். "அப்ப மண்ணு சரியாத்தான் எடுத்திருக்கேன்" என்றார். அவருடைய முதல் கவலை தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் மகன் சொன்னதன் மீதி அர்த்தம் அவருக்கு இறங்கியது. கையிலிருந்த மஞ்சள் துணியாலேயே அவன் முதுகில் அடி மேல் அடி. துணியால் அடித்தால் வலிக்காது. ஆனால் ஏழுமலை தேம்பித் தேம்பி அழுதான். சார் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மேல்பட்டாம்பாக்கம் கடைத்தெருவில் அடுத்தடுத்து இரண்டு கோலி சோடா குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. இடத்தைக் காட்டச் சொல்கிற வழக்கத்தை அதற்குப் பிறகு அம்மாக்கள் இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

ஏழுமலை சென்னைக்குப் போய்த் தீர்ப்பாயத்தின் முன்னால் நின்று, தான் ரயிலில் போகவே இல்லை என்று சொன்னான். டிக்கெட் யார் கொடுத்தது, அந்தக் கல்லைக் காட்டச் சொன்னது யார் என்பதையும் சொன்னான். மனு தள்ளுபடியானது. அஞ்சலையம்மா கூண்டில் ஏறவே இல்லை. சார் அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. மனுதாரர் தானாக முன்வந்து உண்மையைச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதினார். ஏழுமலையைப் பார்த்து இன்னும் சிலர் வாயைத் திறந்தார்கள். மச்சான் மேல் தனி வழக்கு நடந்து அவர் உள்ளே போனார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இப்போது தையல் வகுப்பு நடக்கிறது. ஆனால் பொய் மனு, போட்ட அன்றைக்கே குற்றமாகிவிடுகிறது. வாபஸ் வாங்கினாலும் அது போகாது. ஏழுமலை மேலும் வழக்கு வந்தது.

ரயில்வே வழக்குகளைப் பார்க்கும் மாஜிஸ்திரேட் சிதம்பரம் ஸ்டேஷனிலேயே ஒரு அறையில் முகாம் போட்ட ஒரு நாளில் அவன் முறை வந்தது. முறைப்படி நானும் சாரும் போயிருந்தோம். அஞ்சலையம்மா தூக்குச் சட்டியில் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருந்தார். ஜெயிலுக்குக் கொடுத்தனுப்பலாமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழுமலை குற்றத்தை ஒப்புக்கொண்டான். இந்தக் குற்றத்துக்கு மூன்று வருஷம் வரை போடலாம் என்று தெரியுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். தெரியும் என்றான். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் அவன் நின்ற நிலையைப் பார்த்தவர்கள் ஜென்மத்துக்கும் பொய் மனு போட மாட்டார்கள். கடைசியில் அபராதமும், கோர்ட் கலையும் வரை சிறையும் விதித்தார். அதாவது, அன்றைய வேலை முடிந்து மாஜிஸ்திரேட் எழுந்திருக்கும் வரை அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் சிறை.

அஞ்சலையம்மாவுக்கு இது புரியவே வெகுநேரம் ஆனது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் ஜெயிலா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு அவரும் பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டார். டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள், படிக்கட்டில் தொங்கியவர்கள், பெண்கள் பெட்டியில் ஏறியவர்கள் எல்லோரும் வந்து அபராதம் கட்டிவிட்டுப் போனார்கள். அம்மாவும் மகனும் நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாஜிஸ்திரேட் எழுந்து போனதும் எல்லோரும் வெளியே வந்தோம். அஞ்சலையம்மா குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டு வந்தார். கீழே பார்த்தால் முழுக்க சிமென்ட். பிளாட்பாரத்தில் பளபளவென்று கல் பதித்திருந்தார்கள். ஒரு பிடி மண் எங்கேயும் கிடைக்கவில்லை. நேராக என்னிடம் வந்து, "செருப்பக் கொஞ்சம் கழட்டு கண்ணு" என்றார்.

நான் கழற்றினேன். அவர் அதைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டித் துணியில் போட்டார். இது எதற்கு என்று கேட்டேன்.

"எம்புள்ள டிராக்டர்லேர்ந்து வுழுந்தப்ப பயப்படல. ரயிலப் பாத்தும் பயப்படல. நீ என் வூட்டுல எழுந்து நின்னு மண்ணு எங்கன்னு கேட்ட பாரு, அப்பதான் பயந்தான். நானும் பாத்துகினுதான் இருந்தேன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வைத்தியர் நோயைச் சொல்வது போலச் சொன்னார். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் உப்பும் மிளகாயும் கேட்டு வாங்கி, என் செருப்பு மண்ணோடு சேர்த்து, ஏழுமலையை நிறுத்தி வைத்துத் தலையைச் சுற்றினார். கடைக்காரர் அடுப்பைக் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நெடிக்காகக் காத்திருந்தோம். மிளகாய் கருகிக் கரியாகிவிட்டது. யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

அஞ்சலையம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரொம்பப் பெரிய கண்ணு ஒனக்கு" என்றார். தேவசகாயம் சார் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. ஏழுமலை குனிந்தபடியே சிரித்தான். மேட்டிலிருந்து அவன் அம்மா இறங்கி வந்த நாளிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு அஞ்சலையம்மா தூக்குச் சட்டியைத் திறந்து, ஜெயிலுக்குப் போகாத எலுமிச்சைச் சாதத்தை முதலில் என் கையில்தான் வைத்தார்.